தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்: முதல்முறை விளம்பர அட்டவணை போடுவோருக்கு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் புதிதாகத் தொழில் தொடங்கியவர்களிடம் விளம்பரம் பற்றிப் பேச்செடுத்தால், முதலில் வரும் கேள்வி "எப்போ ஆரம்பிக்கலாம்?" என்பதுதான். பலகாரம் செய்பவர்கள், கண்டாங்கிச் சேலை விற்பவர்கள், ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைக்காரர்கள் எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். இதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாது. எந்த நாளுக்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பதை முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து ஒவ்வொரு வேலையாகப் பின்னால் எண்ணி வந்தால், ஆரம்ப நாள் கடைசியில் தானாக வந்து நிற்கும். பெரும்பாலும் நீங்கள் நினைத்ததைவிட மிக முன்னால் நிற்கும்.

ஒரு பெரிய தாள், பென்சில், தினசரி காலண்டர் இருந்தால் போதும். கம்ப்யூட்டரில் எக்செல் தெரிந்தால் அதிலும் போடலாம், ஆனால் முதல்முறை தாளில் போடுங்கள். எல்லோரும் சுற்றி நின்று பார்க்க முடியும்.

உதாரணத்துக்குக் காரைக்குடியில் ஒரு பலகாரக் கடை என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஆச்சி நடத்துகிறார். அடுப்படியில் நான்கைந்து பேர். மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, கைமுறுக்கு, அதிரசம். உள்ளூர் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். இந்த 2026 தீபாவளிக்குச் சென்னை, கோவைக்கும், சிங்கப்பூர், மலேசியாவில் இருக்கும் நம்மூர்க்காரர்களுக்கும் பார்சல் அனுப்ப ஆசைப்படுகிறார்.

கடைசி நாள் எது?

தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. புதிதாக வருபவர்கள் அந்தத் தேதியை வட்டம் போட்டுவிட்டு அங்கிருந்து எண்ணுவார்கள். அது தவறு. சென்னையில் இருப்பவருக்குப் பலகாரம் தீபாவளியன்று வந்து பயனில்லை. சொந்தக்காரர் வீட்டுக்குக் கொடுக்க, அலுவலகத்தில் பகிர, முன்னதாகவே கையில் வேண்டும். ஆக நவம்பர் 5 வியாழக்கிழமைக்குள் பார்சல் வீட்டு வாசலில் இருக்க வேண்டும். சாதாரண நாளில் கூரியர் இரண்டு நாளில் போய்விடும். தீபாவளி வாரத்தில் ஊரிலுள்ள எல்லாருடைய இனிப்பும் அதே வண்டியில்தான் ஏறும், மழைக்காலம் வேறு. நான்கைந்து நாள் வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அக்டோபர் 31 சனிக்கிழமை கடைசி பார்சல் கிளம்ப வேண்டும். 28, 29, 30 மூன்று நாள் அடுப்பு வேலையும் கட்டும் வேலையும். ஆகவே வெளியூர் ஆர்டர் வாங்கும் கடைசி நாள் அக்டோபர் 27, செவ்வாய்க்கிழமை. விளம்பரம் வேலை செய்ய வேண்டியது இந்த 27-க்குள். நவம்பர் 8 என்பது வெறும் பண்டிகைத் தேதி.

வெளிநாட்டுக்குக் கணக்கே வேறு. விமானம், அந்த ஊர்ச் சுங்கச் சோதனை எல்லாம் சேர்த்துப் பத்து நாள் விட்டால் அக்டோபர் 23 வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். அதற்கு முன் 19, 20 ஆயுத பூஜையும் விஜயதசமியும், 18 ஞாயிறு. அடுப்படியில் ஆள் இருக்காது. 17, 21, 22 என்று மூன்றே நாள்தான் வேலை நடக்கும். அதனால் வெளிநாட்டு ஆர்டரை அக்டோபர் 16 வெள்ளிக்கிழமையே மூடிவிட வேண்டும்.

உள்ளூரில் கடைக்கு நேரில் வந்து வாங்குவோருக்கு நவம்பர் 7 வரை கதவு திறந்திருக்கும். ஆக ஒரே பண்டிகைக்கு மூன்று கடைசி நாட்கள். மூன்றையும் தாளில் தனித்தனி வரியாக எழுதுங்கள். ஒரே வரியில் எழுதினால் குழப்பம் நிச்சயம்.

இது பலகாரத்துக்கு மட்டுமான விஷயம் இல்லை. ஆத்தங்குடி டைல்ஸ் விற்பவர், தை மாதப் புதுமனை புகுவிழாக்களைக் குறிவைத்து மார்கழியில் விளம்பரம் செய்தால் ஒரு சதுர அடிகூடப் போகாது. தையில் வீடு புகுபவர் அதற்குப் பல வாரம் முன்பே தரை போட்டு முடித்திருப்பார். அந்தக் கல்லோ கண்ணாடிமேல் வண்ணம் ஊற்றிக் கையால் செய்வது, தண்ணீரில் ஊற வேண்டும், பிறகு காய வேண்டும். ஐப்பசி மழையில் அது மெதுவாகத்தான் நடக்கும். எனவே தை வீட்டுக்கான விளம்பரம் ஆவணியிலேயே ஓட வேண்டும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய கண்டாங்கிக்கும் இதே கணக்குதான். தறியில் இருக்கும் சேலையை விளம்பரம் இழுத்து வெளியே கொண்டுவராது.

அடுப்படி எவ்வளவு தாங்கும்?

அடுத்த படி இது. பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாளைக்கு 40 கிலோ செய்ய முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 5 முதல் 30 வரை, ஞாயிறுகளையும் ஆயுத பூஜை, விஜயதசமியையும் கழித்தால் 21 வேலை நாள். மொத்தம் 840 கிலோ. அதில் வழக்கமான உள்ளூர் வாடிக்கைக்கு 340 கிலோ போகும். மீதி 500 கிலோ. பார்சலுக்கு இரண்டு கிலோ என்றால் 250 பார்சல்.

இந்த 250-தான் உங்கள் விளம்பரத்தின் அளவு. வெளிநாட்டுக்கு 50, வெளியூருக்கு 200 என்று பிரித்துக்கொள்ளலாம். இந்த எண் கையில் வந்தவுடன் பாதி வேலை தாளிலிருந்து உதிர்ந்துவிடும். 250 பார்சலுக்குப் பேருந்து நிலையத்தில் ஃபிளெக்ஸ் பேனர் தேவையில்லை, டிவி விளம்பரம் தேவையில்லை. பழைய வாடிக்கையாளர்களின் வாட்ஸ்அப், கொஞ்சம் இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போதும். செய்ய முடியாத அளவுக்கு ஆர்டர் வாங்கிவிட்டு, தீபாவளிக்கு முந்தைய வாரம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பதைவிட மோசமான விளம்பரம் கிடையாது.

வேலை நடக்காத நாட்களை முதலில் அடியுங்கள்

எண்ண ஆரம்பிப்பதற்கு முன், காலண்டரில் ஆள் கிடைக்காத நாட்களைக் குறுக்கே கோடிட்டு அடித்துவிடுங்கள். அரசு விடுமுறை எல்லாருக்கும் தெரியும். நம் பக்கத்துக்கென்று வேறு சில இருக்கின்றன.

ஆவணியில் முகூர்த்த நாட்களில் போட்டோகிராபர் கிடைக்க மாட்டார், கல்யாண வீட்டில் இருப்பார். நல்ல சமையல்காரர்களும் அங்கேதான். செப்டம்பர் 4 கிருஷ்ண ஜெயந்தி. அதற்கு முந்தைய நாட்களில் பலகாரக் கடையில் சீடையும் முறுக்கும் தவிர வேறு பேச்சே இருக்காது. செப்டம்பர் 14 பிள்ளையார் சதுர்த்தி. பிள்ளையார்பட்டித் திருவிழா நாட்களில் அந்தச் சாலையில் ஒரு சாமான் எடுத்துவர நினைத்தாலும் யோசிக்க வேண்டும். இதையெல்லாம் அடித்த பிறகு மிச்சம் இருக்கும் வெள்ளைக் கட்டங்கள்தான் உங்களிடம் இருக்கும் நாட்கள். காலண்டரில் ஆறு வாரம் தெரிந்தாலும் கையில் நான்குதான் இருக்கும்.

விளம்பரம் ஓடும் நாட்கள்

இப்போது கடைசி நாளிலிருந்து பின்னால் வருவோம். வெளியூர் ஆர்டர் 27-ஆம் தேதி மூடுகிறது. எப்போது திறக்கலாம்? வாங்குபவர் கையில் பணம் இருக்கும் நாளைப் பாருங்கள். அக்டோபர் மாதச் சம்பளம் பெரும்பாலானவர்களுக்கு 27-க்குப் பிறகுதான் வரும், அதை நம்ப முடியாது. செப்டம்பர் சம்பளம் அக்டோபர் 1 வாக்கில் கையில் இருக்கும். 2 காந்தி ஜெயந்தி, வெள்ளிக்கிழமை. அடுத்து சனி, ஞாயிறு. குடும்பமாக உட்கார்ந்து தீபாவளிக்கு என்ன வாங்கலாம் என்று பேசும் நாட்கள். ஆகவே வெளியூர் விளம்பரம் அக்டோபர் 1 வியாழக்கிழமை தொடங்கட்டும். வெளிநாட்டு விளம்பரம் 16-ஆம் தேதி மூடுவதால் ஒரு வாரம் முன்னதாக, செப்டம்பர் 24-இல் தொடங்க வேண்டும்.

ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரத்துக்குப் பணம் கட்டுபவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். விளம்பரத்தை அவற்றை நடத்தும் மெட்டா நிறுவனம் சரிபார்த்துத்தான் வெளியே விடும். பொதுவாக 24 மணி நேரத்துக்குள் முடியும், சிலவற்றுக்குக் கூடுதல் நேரம் ஆகும். புதிய கணக்கு என்றால் கார்டு ஏற்காதது, பக்கத்தைச் சரிபார்க்கச் சொல்வது போன்ற தடங்கல்களும் வரும். இன்னொன்று, யாருக்குக் காட்டினால் பலன் கிடைக்கும் என்று அந்த இயந்திரம் கற்றுக்கொள்ள நாள் எடுக்கும். ஒரு வாரத்தில் ஏறக்குறைய 50 பலன்கள் வந்தால்தான் அது நிலைக்கு வரும். மொத்தமே 250 பார்சல் விற்கும் கடை, வாரத்துக்கு 50 ஆர்டரை ஒரே விளம்பரத்திலிருந்து எதிர்பார்ப்பது கடினம். அதனால் "ஆர்டர்" என்பதற்குப் பதில் "வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புதல்" என்பதை இலக்காக வையுங்கள். விசாரிப்பவர்கள் ஐம்பது பேர் எளிதில் வந்துவிடுவார்கள். விளம்பரத்தை நடுவில் அடிக்கடி மாற்றாதீர்கள், மாற்றினால் மறுபடி முதலிலிருந்து கற்கும்.

அவசரப்படுத்த முடியாத வேலைகள்

இதுதான் முழு அட்டவணையின் முதுகெலும்பு, நிதானமாகப் படியுங்கள். வேலைகள் இரண்டு வகை. கூடுதல் ஆள் போட்டால், இரவு விழித்தால் முடிந்துவிடுபவை ஒரு வகை. விலைப்பட்டியல் எழுதுவது, போஸ்டர் வடிவமைப்பது எல்லாம் அதில் சேரும். என்ன செய்தாலும் தன் நேரத்தை எடுத்துக்கொள்பவை இன்னொரு வகை. அட்டவணை தவறுவது எப்போதும் இரண்டாவது வகையால்தான்.

அதிரசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, ஈரப்பதம் இருக்கும்போதே இடித்து, வெல்லப்பாகு சேர்த்துக் கிளறி வைத்தால், மாவு மூன்று நான்கு நாளாவது புளித்துப் பதம் வர வேண்டும். விரலால் அழுத்தினால் மாவு ஒட்டாமல் குழியும், அந்தப் பதத்தில் தட்டி எண்ணெயில் போட்டால்தான் மெல்ல உப்பி, ஓரம் சிவந்து, நடுவில் மெத்தென்று இருக்கும். நாளைக்குப் படம் எடுக்க வேண்டும் என்று இன்று சொன்னால் எந்த ஆச்சியாலும் அதிரசம் கொடுக்க முடியாது. படத்துக்கு வேண்டிய பலகாரத்துக்கே தனியாக ஒரு நாள் குறிக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

அடுத்தது படம் எடுக்கும் இடம். செட்டிநாட்டுப் பலகாரத்தைப் பழைய வீட்டின் வளவில், அதாவது உள்முற்றத்தில், காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில், பழைய தரைமேல் பனையோலைக் கொட்டானில் வைத்துப் படம் எடுத்தால் அதற்கு ஈடே இல்லை. ஆனால் அந்த வீடு ஒருவருடையதாக இருப்பது அபூர்வம். பங்காளிகள் பலர் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில். வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் சாவி இருக்கும், சம்மதம் சொல்லும் உரிமை இருக்காது. எல்லோரும் சரி என்று சொல்லி வர வாரங்கள் ஆகும். வேறு வழியில்லை, மரியாதையாக முன்கூட்டியே கேட்க வேண்டும்.

பிறகு அச்சு. அட்டைப்பெட்டிக்கும் லேபிளுக்கும் நம் பக்கத்தில் பலர் சிவகாசிக்குப் போகிறார்கள். ஆடிப்பெருக்கையொட்டி காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளிவந்துவிட்டால் அங்கே அச்சகங்களில் காலண்டர் வேலை சூடுபிடித்துவிடும். உங்கள் சின்ன ஆர்டர் வரிசையில் நிற்கும். நான்கு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் அச்சாகும் விவரங்களும் முன்பே உறுதியாகியிருக்க வேண்டும்: உணவுப் பாதுகாப்புப் பதிவு எண், சேர்பொருட்கள், நிகர எடை, விலை, சைவ உணவுக்கான பச்சை வட்டக் குறி. தயாரித்த தேதிக்கும், எதற்குள் உண்ண வேண்டும் என்ற தேதிக்கும் வெற்றிடம் விட்டு, பிறகு முத்திரை குத்திக்கொள்ளலாம். பதிவு எண் இன்னும் வாங்கவில்லை என்றால் தாளில் முதல் வேலை அதுதான்.

கடைசியாகத் தொலைபேசி வழி வேலைகள். வாட்ஸ்அப் ஒலிபரப்புப் பட்டியலில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரைதான் சேர்க்க முடியும். உங்கள் எண்ணைத் தங்கள் கைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டும்தான் செய்தி போகும். அதனால் "நம்ம நம்பரைச் சேமிச்சுக்கங்க" என்று கடைக்கு வரும் ஒவ்வொருவரிடமும் சொல்வது இப்போதே தொடங்க வேண்டிய வேலை. எஸ்எம்எஸ் அனுப்ப நினைத்தால், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்கியாக வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரம் போய் நின்றால் நடக்காது.

இந்த வேலைகளில் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்கும் மிக நீளமான சங்கிலி எது என்று பாருங்கள். பொறியியல் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. 1950-களின் இறுதியில் அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக உருவாக்கிய பெர்ட் (PERT) என்ற திட்டமிடல் முறையின் அடிப்படையும் இதுதான். அந்த நீளமான சங்கிலியில் ஒரு நாள் தவறினால் முழு அட்டவணையும் ஒரு நாள் தள்ளும். மற்ற வேலைகள் கொஞ்சம் முன்பின் ஆனால் குடி முழுகாது.

தாளில் எழுதிப் பார்த்தால்

நம் கடைக்குப் பின்னோக்கி எண்ணினால் இப்படி வருகிறது:

செப்டம்பர் 24 – வெளிநாட்டு விளம்பரம் தொடக்கம்
செப்டம்பர் 17 – படம், வாசகம், விலைப்பட்டியல், பணம் கட்டும் கியூஆர், பெட்டி எல்லாம் தயார்
செப்டம்பர் 10 – பெட்டி சிவகாசியிலிருந்து கைக்கு வர வேண்டும்
செப்டம்பர் 7 முதல் – ஆச்சி பார்த்துத் திருத்தம் சொல்வது
ஆகஸ்ட் கடைசி வாரம், முகூர்த்தம் இல்லாத ஒரு நாள் – படப்பிடிப்பு
அதற்கு நான்கு நாள் முன் – அதிரச மாவு
ஆகஸ்ட் 10 – பெட்டி வடிவத்தையும் விலையையும் ஆச்சி பார்த்து முடித்து, பெட்டி ஆர்டர்
ஜூலை 20 – பெட்டி வடிவமைப்பும், பங்காளிகளிடம் அனுமதி கேட்பதும்

ஆக, தீபாவளி விளம்பரத்தின் முதல் வேலை ஆடி மாதத் தொடக்கத்தில் விழுகிறது. முதல்முறை போடுபவர்கள் இதை நம்ப மறுப்பார்கள். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக எடுத்துச் சரிபாருங்கள், எங்கும் மிகைப்படுத்தல் இருக்காது.

17-க்கும் 24-க்கும் இடையே ஒரு வாரம் காலியாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது வேண்டுமென்றே விட்டது. ஒவ்வொரு வேலையிலும் இரண்டு நாள் கூடுதலாகச் சேர்த்தால் அது அங்கேயே கரைந்துவிடும், ஐந்து நாள் வேலைக்கு ஏழு நாள் கொடுத்தால் ஏழாம் நாள்தான் முடியும். இடைவெளியை ஒரே இடத்தில், தொடக்கத்துக்கு முன்னால், மொத்தமாக வையுங்கள். அதை யாருக்கும் கொடுக்காதீர்கள். மழை, மின்தடை, அச்சுப்பிழை எல்லாவற்றுக்கும் சேர்த்து அந்த ஒரு வாரம்தான்.

பார்த்து ஒப்புதல் சொல்வது யார்?

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரே ஒரு பெயர் எழுதுங்கள். இரண்டு பெயர் எழுதினால் இரண்டு பேரும் செய்ய மாட்டார்கள். ஒப்புதலுக்குத் தனி வரி வேண்டும். போஸ்டர் தயார், ஆனால் "ஆச்சி இன்னும் பாக்கலையாம், நாளைக்குச் சொல்லுறாகளாம்" என்று நாட்கள் ஓடுவதை நம் ஊரில் அடிக்கடி பார்க்கலாம். ஆச்சிமேல் தவறில்லை. அவருக்கு அடுப்படியும் கணக்கும் கூலியும் இருக்கின்றன. முன்கூட்டியே அவரிடம் நாள் கேட்டு வாங்குங்கள்: "ஆச்சி, 7-ஆம் தேதி சாயங்காலம் அரை மணி நேரம் வேணும். படம், வாசகம், வெலைப்பட்டியல் மூணையும் ஒரே தடவை பாத்துட்டு முடிச்சிருவோம்." தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மகனிடம், மருமகளிடம், சிங்கப்பூர்த் தம்பியிடம் கருத்துக் கேட்டு அது ஊர் சுற்றி வரும். இரண்டு சுற்றுத் திருத்தத்துக்கு மட்டும் இடம் விடுங்கள். விலை மட்டும் பெட்டி ஆர்டருக்கு முன்பே முடிவாக வேண்டும், அது மாறினால் எல்லாமே மாறும்.

எண்ணி வந்த நாள் கடந்துபோயிருந்தால்

செப்டம்பர் நடுவில் இதைப் படிப்பவர்களும் இருப்பீர்கள். பின்னோக்கி எண்ணினால் ஆரம்ப நாள் போன மாதத்தில் விழும். அப்போது நாட்களைச் சுருக்காதீர்கள். நான்கு வார அச்சை "எப்படியாவது" இரண்டு வாரம் என்று எழுதுவதால் அச்சகத்தில் எதுவும் மாறாது. வேலைகளைக் குறையுங்கள்.

முதலில் வெளிநாட்டை விடுங்கள். அடுத்து அச்சடித்த பெட்டியை விடுங்கள். சாதாரணப் பெட்டியில், உள்ளூரிலேயே அடித்த, வேண்டிய விவரங்கள் உள்ள ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். வளவில் படப்பிடிப்பு வேண்டாம், கடை வாசலில் காலை வெளிச்சத்தில் கைபேசியில் எடுங்கள். சீப்புச் சீடைக்கு அச்சில் பிழிந்த பட்டையை ஒருவர் விரலில் சுற்றி இரு முனையையும் ஒட்டுகிற கையை நெருக்கத்தில் இருபது நொடி வீடியோ எடுத்தால், அதற்கே நல்ல வரவேற்பு இருக்கும். வகைகளையும் குறையுங்கள், ஐந்துக்குப் பதில் மூன்று. அதிரசத்தை இந்த முறை உள்ளூருக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கடைசி நாளையும் தரத்தையும் மட்டும் தொடாதீர்கள்.

ஓடும்போது

தாளைச் சுவரில் ஒட்டுங்கள். திங்கட்கிழமை காலை கடை திறக்கும் முன் கால் மணி நேரம் எல்லோரும் அதன் முன் நின்று, இந்த வாரம் முடிய வேண்டியவற்றை மட்டும் படியுங்கள். "நடந்துகிட்டு இருக்கு" என்ற பதிலை ஏற்காதீர்கள், "இன்னும் எத்தனை நாள் வேலை பாக்கி?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத்தான் உண்மையான பதில் வரும்.

ஆர்டர் எண்ணிக்கையைத் தினமும் அதே தாளில் குறித்து வாருங்கள். 250-இல் 200 தாண்டியதும் பணம் கட்டும் விளம்பரத்தைக் குறைத்து, மீதியைப் பழைய வாடிக்கையாளர்களுக்கு விடுங்கள். 27-ஆம் தேதி வருவதற்குள் 250 நிறைந்துவிட்டால் அன்றே மூடுங்கள்.

மூடும் நாளுக்கும் வேலை இருக்கிறது. அக்டோபர் 27 இரவு வெளியூர் விளம்பரங்களை ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டும், அவர் பெயரும் தாளில் இருக்கட்டும். வாட்ஸ்அப்பின் தானியங்கிப் பதிலை "பார்சல் ஆர்டர் முடிந்தது, நவம்பர் 7 வரை கடையில் நேரில் வாங்கலாம்" என்று மாற்றுங்கள். அதற்குப் பிறகு ஒரு வாரம் வரும் கேள்வி எல்லாம் "என் பார்சல் எங்கே வருது?" என்பதுதான். கூரியர் எண்களைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல ஒருவரை அந்த வாரம் முழுக்க வேறு வேலை கொடுக்காமல் உட்கார வையுங்கள்.